ஊர் பார்க்க வரும் உறுப்பினர்

கரம்பனில் பிறந்து மொன்றியலில் கண்மூடியவர் வி. நவரத்தினம். 1949 இல் தமிழரசுக் கட்சி தொடங்கியபோது செல்வநாயகத்தோடு நின்ற முன்வரிசைக்காரர். கட்சியின் மூளை என்று அவரைச் சொல்வது அந்நாளில் வழக்கம். 1957 ஜூலையில் பண்டாரநாயக்க – செல்வநாயகம் உடன்படிக்கை கைச்சாத்தானபோது பேச்சுவார்த்தையில் தமிழர் பக்கம் அமர்ந்திருந்தவர். 1963 இடைத்தேர்தலில் ஊர்காவற்றுறைத் தொகுதி அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது; 1965 இலும் அனுப்பியது. ஆட்பதிவுச் சட்டமூலத்தை எதிர்த்து நின்று 1968 இல் கட்சியோடு முறித்துக்கொண்டார். தமிழர் சுயாட்சிக் கழகம் கண்டார். 1970 இல் அதே தொகுதியில் தோற்றார். கடைசிக் காலம் கனடாவில் கழிந்தது. 2006 இறுதியில் அவர் இறந்த செய்தி வந்தபோது ஏ-9 வீதி மூடிக் கிடந்தது. யாழ்ப்பாணம் கப்பலையும் விமானத்தையும் நம்பியிருந்தது. கரம்பனிலிருந்து நினைத்தவுடன் யாரும் புறப்பட்டுவிடக்கூடிய காலம் அல்ல அது.

ஒரு தொகுதியின் உறுப்பினராக இருந்தவருக்கும் அவருடைய பிறந்த ஊருக்கும் நடுவில் இத்தனை கடலும் இத்தனை காவலும் வந்து விழுந்தது எப்படி? கரம்பன் அடங்கிய யாழ்ப்பாணத் தீவுகளை, அதாவது தீவகத்தை, வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை தெளிவாகத் தெரியும். அரசியலில் இருப்பவர் வீட்டாரோடு தொடர்பு வைத்திருப்பது உலகம் முழுவதும் அவரவர் சொந்த விஷயம். ஈழத்தமிழர் அரசியலில் மட்டும் அது படிப்படியாக அரசு அனுமதிக்கும் விஷயமாகவும், புலனாய்வுக்காரர் குறிப்பெடுக்கும் விஷயமாகவும் மாறிப்போனது. அந்த மாற்றத்துக்கான விலையைப் பெரும்பாலும் கொடுத்தவர்கள் பாராளுமன்றங்களில் பேசியவர்கள் அல்லர், ஊரில் இருந்த தாய் தகப்பனும் சகோதரங்களுமே.

தொடக்கத்தில் தூரம் சிறிதாக இருந்தது. 1947 இல் ஊர்காவற்றுறையின் முதல் உறுப்பினராகத் தெரிவான ஏ. எல். தம்பிஐயா கொழும்பில் துறைமுகத் தொழில் நடத்தியவர். தேர்தல் காலத்தில் ஊருக்கு வந்தார், வென்றார், 1952 இலும் வென்றார். 1956 இன் தமிழரசு அலையில் வி. ஏ. கந்தையா அந்த ஆசனத்தைப் பிடித்தார். அதே ஆண்டு யாழ்தேவி ஓடத் தொடங்கியது. பாராளுமன்ற அமர்வு முடிந்த உறுப்பினர் கோட்டையில் ரயில் ஏறினால் யாழ்ப்பாணத்தில் இறங்கலாம். பண்ணையிலிருந்து தீவுப் பக்கம் போகலாம். ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்கு நீர்வழியே போக ஊரவர் ‘பாதை’ என்று அழைக்கும் மிதவை இருந்தது. புங்குடுதீவுக்கும் வேலணைக்கும் இடையே பின்னர் தாம்போதி வந்தது. அதற்காக முன்னின்று உழைத்த சகோதரர்களின் பெயரால் ஊரவர் அதை வாணர் பாலம் என்றே சொல்கிறார்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு மக்களுக்கு அன்றும் இன்றும் படகுதான்.

அக்காலத்து உறுப்பினரின் வீடு எப்படி இருந்தது என்பது யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அவர் கொழும்பில் இருந்தாலும் ஊரில் அவருடைய விறாந்தை காலியாக இருக்காது. ஆசிரியர் இடமாற்றம், தபால் கந்தோரில் ஒரு வேலை, கடலுக்குப் போனவனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்ற முறைப்பாடு, காணி எல்லைச் சண்டை எல்லாம் அங்கேதான் வரும். அவற்றைக் கேட்டு வைத்துக்கொள்பவர் தமையனாகவோ மச்சானாகவோ ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியராகவோ இருப்பார். உறுப்பினருக்குத் தொகுதி என்பது சொந்தபந்தத்தின் நீட்சியாக இருந்தது. ஒருவகையில் அது குறைபாடும்தான். சொந்தம் இல்லாதவன் எங்கே போவான்? ஆனால் உறுப்பினர் ஊரை மறந்தாரா இல்லையா என்பதை ஊர் தன் கண்ணாலேயே பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடிந்தது. செத்த வீட்டுக்கு வந்தாரா, கோயில் திருவிழாவில் நின்றாரா, பெண் சடங்கான வீட்டில் சாப்பிட்டாரா என்பவை வாக்குகளாக மாறின.

இந்த வழக்கத்துக்குள் வந்த இன்னொருவர் வேலணையைச் சேர்ந்த கா. பொ. இரத்தினம். திருக்குறள் பரப்புவதையே வாழ்க்கைப் பணியாக எடுத்துக்கொண்டவர், தமிழ்மறைக் காவலர் என்று பெயர் பெற்றவர். 1965 இல் கிளிநொச்சியில் வென்றார். 1970 இல் சொந்த மண்ணான ஊர்காவற்றுறைக்கு வந்து, நவரத்தினத்தைத் தோற்கடித்தார். அவர் விட்டுவந்த கிளிநொச்சியை அந்தத் தேர்தலில் வென்றவர் வீ. ஆனந்தசங்கரி. இந்தப் பெயரைக் கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் சந்திக்கவேண்டும்.

கடல் கடந்த அரசியலும் தமிழருக்குப் புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயாவுக்கு எழுதுவினைஞர்களாகவும் புகையிரதப் பகுதி ஊழியராகவும் போனார்கள். சிங்கப்பூரின் முதல் வெளிவிவகார அமைச்சரான எஸ். இராஜரத்தினம் 1915 இல் வட்டுக்கோட்டையில் பிறந்து மலாயாவில் வளர்ந்தவர். அந்நாட்டின் எதிர்க்கட்சிக் குரலாக ஒலித்த ஜே. பி. ஜெயரெத்தினம், பெற்றோர் மலாயாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்தபோது 1926 இல் சங்கானையில் பிறந்தவர். உத்தியோகத்தருக்கு ஊர் விடுமுறை கொடுத்தது பிரித்தானிய நிர்வாகம். குடும்பங்கள் கப்பலேறி வந்து போயின. அந்த வரவுக்கு யாரும் சந்தேகக் கண் வைக்கவில்லை. கல்யாணமும் காணியும் கோயிலும் முடிந்ததும் திரும்பிப் போனார்கள். வெளிநாட்டு அரசியல்வாதியும் உள்ளூர் உறவும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு எங்கள் சரித்திரத்திலேயே சாட்சி உண்டு என்பதற்காகவே இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

முறிவு 1983 இல் வந்தது. ஜூலைப் படுகொலைகளுக்குப் பின், ஆகஸ்டில் ஆறாவது அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. பிரிவினையை ஆதரிப்பதில்லை என்று சத்தியம் செய்யாத உறுப்பினருக்குப் பாராளுமன்றத்தில் இடமில்லை. தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள்; பலர் சென்னைக்குப் போனார்கள். ஊர்காவற்றுறையின் கடைசித் தனித்தொகுதி உறுப்பினர் என்ற பெயர் கா. பொ. இரத்தினத்துக்கே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு விகிதாசார முறை வந்து தொகுதி என்பதே மாவட்டத்துக்குள் கரைந்தது. மக்கள் தங்கள் ஊர்க்காரரைத் தங்கள் பெயரால் அனுப்பும் வழி அடைபட்டது.

அந்த ஆண்டுகளில் தீவுகளுக்குப் போகும் வழியே ஆபத்தானது. 1985 மே 15 ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உறவினர் வீட்டுக்கும் வேலைக்கும் போய்வந்த சாதாரண பயணிகள் அவர்கள்.

1990 ஆகஸ்டில் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் சிக்கியிருந்த படையினரை மீட்கும் நோக்கத்தோடு இராணுவம் தீவகத்தில் இறங்கியது. மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடிக்கப்பட்ட இளைஞர்கள் பலர் திரும்பவில்லை. அடுத்த ஆண்டில் புங்குடுதீவும் காரைநகரும் படையினர் வசமாயின. மக்கள் குடாநாட்டுக்கு ஓடினார்கள். இப்போது வரைபடத்தைப் பாருங்கள்: தீவுகள் கடற்படையிடம், யாழ்ப்பாண நகரம் புலிகளிடம். பண்ணையில் நின்றால் மண்டைதீவுப் பனைகள் தெரியும். ஆனால் தாம்போதியால் கடக்க முடியாது. வேலணைக்குப் போகவேண்டியவர் யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடலைக் கடந்து, வவுனியா போய், கொழும்பு போய், அங்கிருந்து கடற்படையின் ஒழுங்கில் தீவுக்கு வரவேண்டும். புலிகளின் பகுதியிலிருந்து வெளியேறப் பாஸ் வேண்டும். பாஸுக்கு வீட்டில் ஒருவர் பிணை நிற்கவேண்டும். இரண்டு பக்கத்திலும் உறவு பிணையாக்கப்பட்டது என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும்.

அக்காலத்தில் உறவைச் சுமந்தது செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பச் செய்தித்தாள். ஒற்றைக் கடதாசி. மேலே அனுப்புபவர் பெயர், விலாசம்; கீழே பெறுபவர் பெயர், விலாசம்; நடுவில் கோடிட்ட சின்ன இடம். உறை கிடையாது, ஒட்டக்கூடாது, யாரும் படிக்கலாம். குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம். படை, கட்சி, சண்டை எதுவும் எழுத முடியாது. ‘நாங்கள் சுகம். அம்மாவுக்கு இருமல். தம்பி பெரிய வகுப்புக்கு வந்துவிட்டான். கிணற்றடி மாமரம் விழுந்துவிட்டது.’ இப்படித்தான் எழுதினார்கள். மாமரம் விழுந்தது என்பதை வைத்து, வீட்டில் செல் விழுந்ததா என்று மறுகரையில் படிப்பவர் கண்டுபிடிக்கவேண்டும். எல்லாவற்றையும் அரசியலாகப் பார்த்த காலத்தில் அரசியல் இல்லாமல் எழுதக் கற்றுக்கொண்ட மக்கள் இவர்கள்.

இந்தப் பிரிப்பு வாக்குப் பெட்டியில் என்ன செய்தது என்பதற்கு 1994 பொதுத்தேர்தல் சான்று. யாழ் மாவட்டத்தில் ஆறு இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்த வாக்காளர் பதிவில் இருந்தார்கள். வாக்களிப்பு நடந்தது பெரும்பாலும் படையினர் கையிலிருந்த தீவகத்தில்தான். ஈ.பி.டி.பி. ஏறத்தாழ 10,700 வாக்குகளோடு ஒன்பது ஆசனங்களைப் பெற்றது. அதன் தலைவர் டக்ளஸ் தேவானந்தா பாராளுமன்றம் போனார். 2024 வரை முப்பது ஆண்டுகள் அங்கே இருந்தார். தீவகத்து மக்களுக்குப் படகும் அரிசியும் பாதுகாப்பும் அந்தக் கட்சியின் வழியாகவே வந்த காலம் அது என்பதால் அதை வெறும் மோசடி என்று ஒதுக்கவும் முடியாது; மாவட்டத்தின் விருப்பம் என்று ஏற்கவும் முடியாது. மாவட்டத்தின் பெரும்பகுதி மக்கள் வாக்களிக்கவே முடியாத இடத்தில் இருந்தார்கள்.

அந்த மக்களில் ஒரு பெரிய பங்கு அப்போது ஏற்கெனவே விமானம் ஏறியிருந்தது. புங்குடுதீவாரைப் பாரிஸிலும் சுவிற்சர்லாந்திலும் காணலாம், காரைநகராரை இலண்டனிலும் ரொறன்ரோவிலும் காணலாம். தொடர்பு வைத்திருக்க அவர்கள் செய்த வேலை சாதாரணமானதல்ல. யாழ்ப்பாணத்தில் தொலைபேசி இல்லை, மின்சாரமும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்காக அம்மாமார் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜுகளில் நாள்கணக்காகக் காத்திருந்தார்கள். பணம் உண்டியல் மூலம் வந்தது. ஸ்காபரோவில் கடைக்குக் கடை தொங்கிய ரெலிபோன் காட்டுகளில் மிச்ச நிமிடங்களைச் சொல்லும் குரல் பேச்சை நடுவில் அறுத்தது. இப்போது வைபரும் வட்ஸ்அப்பும் வந்து நெடுந்தீவின் சுடுகாட்டிலிருந்து கூட நேரலை போகிறது.

இவ்வளவும் சேர்ந்து உருவாக்கியதுதான் ஊர்ச்சங்கம். பழைய மாணவர் சங்கம், கலாசார மன்றம், மக்கள் ஒன்றியம் என்று பெயர் எதுவானாலும் வேலை ஒன்றே: பள்ளிக்கூடக் கட்டடம், கோயில் தேர், மருத்துவச் செலவு, புலமைப்பரிசில். கோடை வந்தால் ஸ்காபரோ, மார்க்கம் பூங்காக்களில் ஒன்றுகூடல். தாச்சியில் கூழ் கொதிக்கும், கயிறிழுப்பு நடக்கும். அங்கே கனடிய அரசியல்வாதிகள் எல்லாக் கட்சியிலிருந்தும் வருவார்கள். சங்கத்தின் தலைவர்களுக்கும் தேர்தல் ஆசை பிறக்கும். ஊரில் உறுப்பினரின் விறாந்தையில் நடந்தது இங்கே பூங்காவில் நடக்கிறது என்று எண்ணத் தோன்றும். தீவகத்தின் உண்மையான வாக்காளர் தொகை இன்று தீவகத்தைவிட அங்கேதான் அதிகமாக இருக்கும் போலிருக்கிறது.

அந்தச் சூழலில் இருந்து எழுந்தவர் ராதிகா சிற்சபைஈசன். 1981 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து ஐந்து வயதில் வெளியேறியவர். 2011 மே 2 ஆம் திகதி ஸ்காபரோ–ரூஜ் றிவர் தொகுதியில் புதிய ஜனநாயகக் கட்சி சார்பில் வென்று, கனடியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவான முதல் தமிழரானார். 2013 டிசம்பர் இறுதியில் பிறந்த இடத்தைப் பார்க்க அவர் யாழ்ப்பாணம் வந்தார். உத்தியோகபூர்வ அழைப்பு இல்லை, கூட்டம் இல்லை, சொந்தப் பயணம். புத்தாண்டை ஒட்டி அவர் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டதாகச் செய்தி பரவியது. இலங்கை அரசு மறுத்தது. அவர் பின்னர் சொன்னது இன்னும் நேரடியானது: தம்மைக் கைது செய்து நாடு கடத்தக்கூடும் என்று எச்சரிக்கை வந்தது, அது அரசியல் அச்சுறுத்தல் என்றார். வேறொரு நாட்டின் பாராளுமன்ற உறுப்பினர், தாம் பிறந்த மண்ணில், சொந்தப் பயணம் என்ற நிலையில், அந்த ஒரு வாரத்தை அப்படிக் கழித்தார்.

காலத்தைக் கவனிக்கவேண்டும். அதற்கு ஆறு வாரங்களுக்கு முன் கொழும்பில் பொதுநலவாய உச்சிமாநாடு நடந்தது. கனடியப் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் வரவில்லை. பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமெரன் நவம்பர் 15 இல் யாழ்ப்பாணம் வந்து சபாபதிப்பிள்ளை முகாமில் இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சந்தித்தார். மாநாட்டுக்குச் சில நாள் முன்பு அவுஸ்திரேலிய மேலவை உறுப்பினர் லீ றியானனும் நியூசிலாந்து உறுப்பினர் ஜான் லோகியும் வடக்கைப் பார்த்துவிட்டுக் கொழும்பு திரும்பியபோது குடிவரவு அதிகாரிகளால் தடுத்து வைக்கப்பட்டார்கள். அவர்கள் இருவரும் தமிழர் அல்லர். விமானம் ஏறிப் போனார்கள், விஷயம் முடிந்தது. ராதிகாவின் நிலை வேறு. தமிழ் வம்சாவளி உறுப்பினருக்கு ஊரில் விசாரிக்கத்தக்க உறவினர்கள் இருக்கக்கூடும். அதுதான் அந்த எச்சரிக்கையின் பலம்.

2014 மார்ச் 21 ஆம் திகதியிட்ட வர்த்தமானி அந்தப் பலத்தைச் சட்டமாக்கியது. 16 அமைப்புகளும் 424 பேரும் தடைப்பட்டியலில் வந்தார்கள். கனடியத் தமிழர் பேரவையும் பிரித்தானியத் தமிழர் பேரவையும் உலகத் தமிழர் பேரவையும் அதில் அடக்கம். 2015 நவம்பரில் பலரைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 2021 பெப்ரவரியில் திரும்பவும் சேர்த்தார்கள். 2022 ஆகஸ்டில் ஆறு அமைப்புகளை மீண்டும் எடுத்தார்கள். அமைப்புகள் செய்தது ஒன்றுதான். மாறியது கொழும்பின் மனநிலை. ஊரில் இருப்பவருக்கு இதன் பொருள் என்ன? கனடாவில் இருக்கும் மச்சான் ஒரு சங்கத்தில் இருக்கிறார் என்றால், அவரோடு போனில் பேசுவது இந்த ஆண்டு குற்றமா, அடுத்த ஆண்டு குற்றமா என்று யாருக்கும் தெரியாது. வெளிநாட்டில் அரசியல் பேசியவரின் உறவினர் வீட்டுக்குப் புலனாய்வாளர் வந்து விசாரிப்பதை மனித உரிமை அமைப்புகள் பல ஆண்டுகளாகப் பதிவு செய்து வருகின்றன. விசாரிப்பு என்பது பெரும்பாலும் மரியாதையாகவே நடக்கும். எங்கே இருக்கிறார், எப்போது கடைசியாகப் பேசினீர்கள், காசு அனுப்புகிறாரா. தேநீர் கொடுக்கவேண்டும், பதில் சொல்லவேண்டும். பிறகு அம்மா போனில் மெதுவாகச் சொல்வாள்: கொஞ்ச நாளைக்கு எடுக்க வேண்டாம் மகனே.

இந்தப் பின்னணியில் ஆனந்தசங்கரி குடும்பத்தின் கதை தனித்து நிற்கிறது. வீ. ஆனந்தசங்கரி இலங்கையிலேயே இருந்தார். புலிகளைத் தமிழரின் ஏகப் பிரதிநிதிகளாக ஏற்க மறுத்து 2004 இல் கட்சியில் தனிப்பட்டு, தேர்தலில் தோற்று, 2006 இல் யுனெஸ்கோவின் மதன்ஜீத் சிங் பரிசு பெற்றார். அவருடைய மகன் ஹரி ஆனந்தசங்கரி 1983 இல் பத்து வயதில் தாயோடு கனடா போனார். அங்கே சமூகப் பணியாளராகவும் சட்டத்தரணியாகவும் வளர்ந்து, கனடியத் தமிழர் பேரவைக்குச் சட்ட ஆலோசனை வழங்கினார். 2015 இல் ஸ்காபரோ–ரூஜ் பார்க் தொகுதியில் லிபரல் கட்சி சார்பில் வென்றார். 2023 ஜூலையில் அமைச்சரானார், 2025 மே மாதத்தில் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். தந்தையின் அரசியலும் மகனின் அரசியலும் ஒன்றல்ல என்பதை இரு தரப்பாரும் அறிவர். 2022 மே 18 ஆம் திகதி தமிழினப் படுகொலை நினைவு நாளுக்கான தீர்மானத்தைக் கனடியப் பாராளுமன்றம் ஏகமனதாக ஏற்றபோது அதை முன்வைத்தவர் ஹரி. கொழும்பு கடுமையாக மறுத்தது. தந்தை வாழும் நாட்டின் அரசோடு மகன் தன் பாராளுமன்றத்தில் மோதினார்.

அமைச்சரானபின் புலிகள் தொடர்பான விடயங்களில் தாம் முடிவெடுப்பதிலிருந்து விலகி நிற்பதாக ஹரி அறிவித்தார். அது முறையான செயல். ஆனால் கனடாவில் சிலர் அதை வைத்து, ஊரோடு உறவு இருப்பதே சந்தேகத்துக்குரியது என்பதுபோல் பேசினார்கள். ஐரிஷ் வம்சாவளி அமைச்சர் டப்ளினுக்குப் போனால், இத்தாலிய வம்சாவளி அமைச்சர் பாட்டியின் ஊருக்குப் போனால் அங்கே படம் எடுத்துப் போடுகிறார்கள். தமிழ் அமைச்சரின் உறவு மட்டும் கோப்பாகிறது. இந்தச் சமமின்மை கொழும்பில் மட்டும் இல்லை என்பதைச் சொல்லாவிட்டால் கட்டுரை ஒருபக்கச் சாய்வாகிவிடும்.

இன்று இந்த வரிசை நீண்டுகொண்டே போகிறது. யாழ்ப்பாணத்தில் 1988 இல் பிறந்து மூன்று வயதில் நோர்வே போன கம்ஷாயினி குணரத்தினம் 2015 இல் ஒஸ்லோவின் துணை மேயரானார், 2021 இல் பாராளுமன்ற உறுப்பினரானார். 2024 ஜூலையில் இலண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் உமா குமரன் வென்றார். அந்த வெற்றிகளின்போது ஊரில் பெருமை இருக்கிறது, படம் பேப்பரில் வருகிறது.

பெருமை போதுமா என்பதுதான் இனிக் கேட்கவேண்டிய கேள்வி. குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று பார்த்தால் அது விளங்கும். நயினாதீவுப் படகு கால் மணி நேரத்தில் கடக்கும். நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் போகிறவர்கள் அதிகம் என்பதால் படகு அடிக்கடி உண்டு. நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம். சீமெந்துப் பை, எரிவாயு சிலிண்டர், கோழிக்கூடு, கட்டுப்போட்ட காலோடு ஒரு கிழவர், பரீட்சைக்குப் போய்வரும் பிள்ளைகள் எல்லாம் ஒரே படகில். கச்சான் காற்றுக் காலத்தில் படகு ஓடாவிட்டால் நோயாளி அங்கேயே கிடக்கவேண்டும். நெடுந்தீவுப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். பவளக்கல் மதில்களுக்குள் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன; திறப்பு பாரிஸில் இருக்கிறது.

வல்லரசுகளுக்கு இந்தத் தீவுகளின் அருமை தெரிந்திருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் சூரிய, காற்று மின்திட்டம் அமைக்க 2021 தொடக்கத்தில் சீன நிறுவனம் ஒன்றுக்கு அனுமதி வந்தது. இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு டிசம்பரில் திட்டம் நின்றது. அதே மாதம் சீனத் தூதர் யாழ்ப்பாணம் வந்து வேட்டி கட்டி நல்லூரில் கும்பிட்டார். 2022 மார்ச்சில் இந்திய அரசு உதவியோடு அதைச் செய்வதாக ஒப்பந்தம், 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனத்தோடு உடன்படிக்கை. தீவகத்து மின்சாரம் பற்றி டில்லியும் பெய்ஜிங்கும் இழுபறிப்பட்ட இந்த மூன்று ஆண்டில், தீவகத்து வேர்கொண்ட வெளிநாட்டு உறுப்பினர்கள் யாராவது தங்கள் பாராளுமன்றத்தில் அந்த மக்களுக்கு என்ன தேவை என்று பேசியிருந்தால் அது பெரிய பலமாயிருக்கும். தீர்மானங்கள் தேவை. நீதி தேவை. அதோடு குடிதண்ணீரும் வைத்தியரும் படகும் தேவை. நீதி கேட்கிறவரே படகும் கேட்கலாம். ஒன்றை ஒன்று குறைக்காது.

ஊரோடு உறவு என்பதை மேடையில் சொல்லும் ஒரு வாக்கியமாக மட்டும் வைத்திருக்கும் பழக்கம் நல்லதல்ல. அப்படி வைத்திருப்பவருக்கு ஊரைப் பற்றித் தெரிந்தது சின்ன வயதில் கேட்ட கதையும் ஒருமுறை சுற்றிப் பார்த்த படமும்தான். வேலணையிலோ நயினாதீவிலோ இருக்கும் சித்தியோடு வாரம் ஒருமுறை பேசுகிற உறுப்பினருக்குத் தெரியும் எந்த மாதத்தில் கிணறு உவர்க்கிறது, எந்த ஆஸ்பத்திரியில் வைத்தியர் இல்லை, இழுவைப் படகுகள் எத்தனை வலையை அறுத்தன என்று. அந்த உறவு அரசியலுக்கு வெளியே நிற்கும் வீட்டுச் சங்கதி அல்ல. ஒருவர் தன் மக்களை அறிந்துகொள்ளும் வழியே அது. நவரத்தினம் காலத்துத் தமையனும் மச்சானும் செய்த வேலையை இன்று ஒரு கைத்தொலைபேசி செய்ய முடியும். எடுக்கத்தான் வேண்டும்.

இலங்கை அரசுக்குச் சொல்ல ஒன்று உண்டு. வேறொரு நாட்டில் மக்கள் தெரிவு செய்த ஒருவர் தாய் தகப்பனின் ஊருக்கு வருவதைச் சுற்றுலா விசாவின் நிபந்தனைக்குள் அடக்கி, எச்சரிக்கையும் விசாரணையும் கொண்டு நடத்துவது எந்த நாட்டுக்கும் கௌரவம் அல்ல. தடைப்பட்டியலை ஒவ்வொரு அரசும் தன் விருப்பப்படி கூட்டிக் குறைப்பதை நிறுத்தவேண்டும். உறவினரோடு பேசியதற்காக எவரும் விசாரிக்கப்படமாட்டார்கள் என்று எழுத்தில் உத்தரவு வேண்டும். அது வரும்வரை ‘நல்லிணக்கம்’ என்ற பேச்சைத் தீவகத்தில் யாரும் நம்பப்போவதில்லை.

வெளிநாட்டில் வாக்குப் போடும் தமிழ் வாசகரும் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது. அடுத்த கோடை ஒன்றுகூடலில் உங்கள் வேட்பாளர் கூழ் குடிக்க வரும்போது கேளுங்கள்: கடைசியாக எப்போது ஊருக்குப் போனீர்கள்? போக முடியாவிட்டால் தடுத்தது யார், அதை உங்கள் பாராளுமன்றத்தில் சொன்னீர்களா? போயிருந்தால் எத்தனை இரவு தங்கினீர்கள், குறிகட்டுவானில் படகு ஏறினீர்களா? பதில் தெளிவாக வராவிட்டால், வாக்களிக்கும் முன் இன்னொருமுறை யோசியுங்கள்.